முதலாவது பாட்டு உட்பட

2010 ஓகஸ்ட் 2. ரூபா 200. திருப்பிக் கொடுக்கப்பட்டது.
2011 ஓகஸ்ட் 1. ரூபா 200. திருப்பிக் கொடுக்கப்பட்டது.
2012 முதல் 2015 வரை, ஓகஸ்ட் முதல் திங்கள். ஆண்டுக்கு ரூபா 300. திருப்பிக் கொடுக்கப்பட்டது.
2016 முதல் 2019 வரை, ஓகஸ்ட் முதல் திங்கள். ஆண்டுக்கு ரூபா 500. திருப்பிக் கொடுக்கப்பட்டது.
2020 ஓகஸ்ட் 3. ரூபா 500. திருவிழா இல்லை.
2021 ஓகஸ்ட் 2. ரூபா 500. திருவிழா இல்லை.
2022 ஓகஸ்ட் 1. ரூபா 1,000. திருப்பிக் கொடுக்கப்பட்டது.
2023 ஓகஸ்ட் 7. ரூபா 1,000. திருப்பிக் கொடுக்கப்பட்டது.

ஸ்பிரிங்வெளிக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டப் பிரிவில் ஒரு சின்ன மாதா கோயில் இருக்கிறது. அதன் திருவிழா செப்டெம்பர் எட்டாம் திகதி. அன்று மாலை மேடையில் பாடவோ ஆடவோ விரும்புகிறவர்கள் ஒரு மாதம் முன்னதாகவே கடிதமும் கட்டணமும் கொடுக்க வேண்டும். மேலே உள்ளவை ஜீவராஜ் கொடுத்த கடிதங்களின் திகதிகளும் கட்டணமும். திருவிழாக் குழுவின் செயலாளர் நான் என்பதால் அவை என்னிடம் இருக்கின்றன. எல்லாக் கடிதங்களிலும் வாசகம் ஒன்றுதான். 'ஏழாம் நம்பர் மலை' என்ற தன் இசைத் தொகுப்பை, முதலாவது பாட்டு உட்பட, முழுமையாக வாசிக்க நாற்பது நிமிடம் வேண்டும். 'முதலாவது பாட்டு உட்பட' என்பதன் கீழே அடிமட்டம் வைத்து ஒரு கோடு.

அவர் குடியிருக்கும் லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடு, என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் கடிதத்தை உறையில் போட்டு, ஒட்டி, தானே கொண்டுவந்து தருவார். தந்துவிட்டுப் போகமாட்டார். "நாள் போட்டுருங்க ஐயா" என்பார். கடிதத்தின் மூலையில் நான் திகதி எழுதும்வரை கதவு நிலையில் ஒரு கையை ஊன்றி நிற்பார். எழுதியதும் எட்டிப் பார்த்துக்கொள்வார். இரண்டு வாரத்தில் குழு கூடி மறுக்கும். பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடி, "சரிங்க, அடுத்த வருசம் பாப்போம். ஜெனரேட்டர எந்தப் பக்கம் வைக்கிறது?" என்று கேட்பார்.

ஜெனரேட்டரைப் பற்றிக் கேட்கக் காரணம், திருவிழாவுக்கு ஒலிபெருக்கி வைப்பவரும் அவரே. மேடையில் இடம் மறுக்கப்பட்ட எல்லா வருடங்களிலும் அந்த மேடைக்குப் பின்னால், 'ஜீவா சவுண்ட்ஸ்' என்று வெள்ளைச் சாயத்தில் எழுதிய பெட்டிகளுக்கு நடுவே, அடுத்தவர்களின் குரலைக் கூட்டியும் குறைத்தும் கொண்டிருந்தார்.

வயது நாற்பத்து நான்கு. மெலிந்த ஆள். பின்னால் கட்டிய தலைமயிர். பூசைக்கு வரும்போது வெள்ளைச் சட்டைதான், ஆனால் அதற்குள்ளே கறுப்பு பெனியன் தெரியும். இடது கை விரல் நுனிகள் நான்கும் காய்த்துப் போனவை. கொதிக்கும் பிளேன்டீ டம்ளரை அந்த நுனிகளால் பிடித்து நம்மிடம் நீட்டுவார். வாங்குகிற நமக்குத்தான் சுடும். கிட்டாரை மீட்டுவதற்கு அவர் வைத்திருப்பது சிம் விற்கும்போது மிஞ்சுகிற பிளாஸ்டிக் மட்டையில் வெட்டிய முக்கோணத் துண்டு. பதுளைக்கு பஸ்ஸில் போகும்போது முன் இருக்கையின் கம்பியில் இடது கை விரல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். முன்னால் இருந்த ஒரு பெண் ஒருமுறை திரும்பி, என் முதுகுக்குப் பின்னால் என்ன தட்டிக்கொண்டே வருகிறீர்கள் என்று கோபப்பட்டாராம். "ஆறாவது பாட்டுங்க" என்றாராம் இவர்.

மைக்கைச் சரிபார்க்க எல்லோரும் ஹலோ ஹலோ என்பார்கள். இவர், "பெரட்டு, பெரட்டு, பேர் குடுங்க" என்பார். விடியற்காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் பதிந்து வேலை பிரிப்பதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை மேடையில் இருக்கும்போதும் அதையேதான் சொல்வார். சிலர் சிரிப்பார்கள். வேலைக்குப் போகாமல் கல்யாணத்துக்கு வந்தவர்கள் சிரிப்பதில்லை.

'ஏழாம் நம்பர் மலை' 2009இல் பதியப்பட்டது. பதுளைக் கடைவீதியில் ஹஸீபின் தகப்பனார் அப்போது ஒலிநாடாக் கடை வைத்திருந்தார். பக்கத்து ரேடியோ திருத்தும் கடைக்கு வேலை பழகப் போன ஜீவராஜும் ஹஸீபும் அங்கேதான் சிநேகமானார்கள். கொழும்பிலிருந்து பெட்டியோடு வந்து யாரும் வாங்காமல் கிடந்த ஹெவி மெட்டல் நாடாக்களை இருவரும் தேயும்வரை கேட்டார்கள். ஜீவராஜ் கிட்டார் பழகினார். ஹஸீப் டிரம்ஸ் பழகினார். கடைக்குப் பின்னாலிருந்த சாமான் அறையில் முட்டை அட்டைகளைச் சுவர் முழுக்க ஒட்டி, மழை பெய்யாத நாட்களாகப் பார்த்துப் பதிந்தார்கள். மழை பெய்தால் தகரக் கூரைச் சத்தம் உள்ளே வந்துவிடும். பதுளையில் அப்படி நாள் கிடைப்பது லேசில்லை. ஒன்பது பாட்டுக்கு ஏழு மாதம் ஆனது.

ஹெவி மெட்டலில் எனக்கு வேறு பரிச்சயம் இல்லை. இந்த ஒன்றைப் பல தடவை கேட்டிருக்கிறேன். முதல் இரண்டு தடவை எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மூன்றாம் தடவை அதற்குள்ளே ஒரு மெட்டு இருப்பது தெரிந்தது. கிட்டார் அவ்வளவு வேகமாகப் போகிறது, ஆனால் ஓரிடத்திலும் பாட்டை விட்டுவிட்டு ஓடுவதில்லை, கூடவே முணுமுணுக்கலாம். மூன்றாவது பாட்டில் அது ஏறும் இடம், பதுளையிலிருந்து எங்கள் பிரிவுக்கு வரும் பஸ் வளைவுகளில் ஏறுவதைப் போல இருக்கும். திரும்பத் திரும்ப அதே பள்ளத்தாக்குத்தான் தெரிகிறது, ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் மேலே இருந்து. பாட்டு வரிகள் கொஞ்சம்தான். மழைக்குப் போர்த்திக்கொள்ளும் கறுப்புத் தாளைப் பற்றி ஒன்று. அட்டைக் கடியைப் பற்றி ஒன்று. பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் பாதிச் சம்பளம் பதிவதை இங்கே அரைப்பேர் என்பார்கள். அதைப் பற்றி ஒன்று. தொகுப்பின் பெயரும் ஓர் உண்மையான தேயிலை மலையின் இலக்கம். அவருடைய தாயார் கொழுந்து பறித்த இடம்.

சிக்கல் முதலாவது பாட்டில்.

அது கிட்டாரில் தொடங்குவதில்லை. ஒரு நிமிடமும் நாற்பது விநாடியும் தப்பு மேளம் மட்டும் ஒலிக்கிறது. அடித்தவர் எங்கள் பிரிவைச் சேர்ந்த மத்தேயு. கல்யாணத்துக்கு ஓர் அடி, திருவிழாவுக்கு ஓர் அடி, முன்பு பெரட்டுக்கு ஓர் அடி என்று தப்பில் பல அடிகள் அவருக்குத் தெரியும். எல்லாவற்றையும் அடித்துக் காட்டச் சொல்லிவிட்டு, ஜீவராஜ் சாவுக்கு அடிப்பதைத் தேர்ந்தெடுத்தார். ஏன் என்று நான் கேட்டிருக்கிறேன்.

"மத்த அடியெல்லாம் நின்ன எடத்துலயே நிக்குதுங்க ஐயா. சாவு தப்பு மட்டுந்தான் நடக்குது. மெதுவா எறங்கி, வேகம் புடிச்சு, அப்புறம் ஓடுது. அந்த ஓட்டத்துலதான் என் கிட்டாரு ஏறிக்கிது. அத எடுத்துட்டா பாட்டுக்குக் காலு இருக்காது."

2010 ஜனவரியில் முந்நூறு இறுவட்டுகள் வந்தன. வெளியீட்டை அவர் எங்கள் பிரிவிலேயே வைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெரட்டுக்களத்தில் இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளை வைத்து, முன்னறிவிப்பு ஒன்றும் இல்லாமல் முதலாவது பாட்டைப் போட்டார். சாவு விழுந்த வீட்டின் முன்னால் அடிக்கிற அந்த அடி மூன்று வரிசை லயங்களுக்கும் கேட்டது. கதவுகள் திறந்தன. அரைச் சவரத்தோடு ஒருவர் வந்தார். பெண்கள் தலைமயிரை அவிழ்த்தபடி வந்தார்கள். ஒருவர் யாருக்கு என்று கேட்காமலே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார். குழி வெட்டுகிற இருவர் அலவாங்கையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு மயானப் பாதையில் பாதித் தூரம் போய்விட்டார்கள்.

"யாரு? எந்த லயம்?" என்று கேட்டவர்களிடம் ஜீவராஜ், "யாரும் இல்லைங்க, பாட்டு" என்றார். அந்தச் சமயம் பார்த்துக் கிட்டார் வந்தது.

குழி வெட்டப் போனவர்களைக் கூப்பிட்டு வர ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. ஆளில்லாமல் சாவு தப்பு அடித்துவிட்டான் என்ற பேச்சு அன்றைக்கே பரவியது. நெடுநாளாகப் படுக்கையில் இருந்த ஒரு முதியவர் அடுத்த வாரம் கண்ணை மூடினார். அதுவும் இறுவட்டின் கணக்கில் சேர்ந்தது. வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். சிலர் பணத்தைக்கூடக் கேட்கவில்லை. வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

வெளியிலும் அது எடுபடவில்லை. கொழும்பில் இவ்வகை இசை கேட்கும் இளைஞர்களுக்கு அனுப்பியபோது கிட்டாரைப் புகழ்ந்தார்கள். தமிழில் பாடியது ஏன் என்று கேட்டார்கள். தமிழில் இசை ஒலிபரப்புகிறவர்கள் இவ்வளவு சத்தம் ஏன் என்று கேட்டார்கள். பூனாகலையிலிருந்து மட்டும் மூன்று பேர் இரண்டு பஸ் மாறி வந்து, சில்லறையைச் சேர்த்து ஒரே ஒரு தட்டு வாங்கிப் போனார்கள். ஜீவராஜ் இன்றைக்கும் அவர்களைப் பற்றிப் பேசுவார். மற்றவற்றில் பெரும்பகுதி ஹஸீபிடம் இருக்கிறது. அந்தக் கடை இப்போது கைபேசிச் சாமான்கள் விற்கும் கடை. கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே இறுவட்டு அடுக்கு இருக்கிறது, அதன்மேல் கேத்தல். "நல்ல மட்டமான தட்டு ஐயா, சூடு தாங்குது" என்பார் ஹஸீப். ஆனால் யாராவது அதை எடுத்துப் போடச் சொன்னால் அவருக்கு முகம் மாறிவிடும்.

ஜீவராஜின் மனைவி நேசராணி பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறார். தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. வீட்டில் அந்தப் பாட்டைப் போட அவர் விடுவதில்லை. "எனக்குப் பயமெல்லாம் இல்லைங்க. கோழி முட்டை இடமாட்டேங்குது" என்பது அவர் சொல்லும் காரணம்.

குழுத் தலைவர் ஜோன்சன், தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் அல்ல. கடிதம் வரும் ஒவ்வொரு வருடமும் ஜீவராஜைக் கூப்பிட்டு ஒரே சமாதானத்தைச் சொல்வார்.

"அந்த முத பாட்ட மட்டும் விட்டுரு தம்பி. மத்த எட்டையும் வாசி. யாரு வேணாங்குறா?"

"தலைய எடுத்துட்டுத் தலைப்பாகை கட்டச் சொல்றீங்களே, ஐயா."

"மாதா திருவிழாவுல சாவு தப்பா? சனம் என்னயத்தான் அடிக்கும்."

"அடிக்கட்டுங்க. நான் மைக்க ஆப் பண்ணிடுறேன்."

இதற்குப் பிறகு இருவரும் பிளேன்டீ குடிப்பார்கள்.

2016இல் மத்தேயு தொழிற்சாலைப் படியில் வழுக்கி விழுந்து வலது தோள் இறங்கிவிட்டது. கையை மார்புக்கு மேலே தூக்க முடியாமல் போனது. அவருடைய மகன்மார் கொழும்பில். பக்கத்துப் பிரிவுகளில் கேட்டால், கூலியும் சாராயமும் போக்குவரத்தும் என்று பெரிய தொகை சொன்னார்கள். அந்த மழைக்காலத்தில் மேல் லயத்தில் ஒரு சாவு விழுந்தபோது யாருக்கோ ஜீவராஜின் இறுவட்டு ஞாபகம் வந்தது. மத்தேயுவே அடித்த அடி. கணீரென்று பதிந்திருக்கிறது. ஒலிபெருக்கியும் அவரிடமே இருக்கிறது.

வந்து கேட்டார்கள். ஜீவராஜ் கூலி வேண்டாம் என்றார். அவர் வைத்தது வேறொரு நிபந்தனை.

"தப்ப மட்டும் தனியா வெட்டித் தரமாட்டேன். பாட்டுன்னா முழுப் பாட்டு. நான் போட்டு விடுவேன், நிறுத்த மாட்டேன். நிறுத்தணும்னா உங்க ஆளு ஒருத்தரு வந்து நின்னு நிறுத்திக்கிடட்டும்."

அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் பிரிவில் புதிதாக ஒரு வழக்கம் உண்டானது. சாவு வீட்டில் ஜீவராஜ் பாட்டைப் போட்டுவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அந்த வீட்டு மருமகன் ஒருவர் அம்ப்ளிபயருக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருப்பார். தப்பு ஓடத் தொடங்கி, கிட்டார் வரப்போகும் அந்த நொடியில் நிறுத்த வேண்டும். உடனே ஆரம்பத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் போட வேண்டும். பெட்டி எடுக்கும்வரை இதே வேலை. அவருக்குச் 'சுவிச்சு மாப்புள்ள' என்று பெயர் வந்தது. கைவேகம் உள்ள மருமகன் அமைந்த வீட்டுக்கு அதில் ஒரு பெருமையும் உண்டானது. சில வேளைகளில் விரல் பிந்தி, கிட்டாரின் முதல் சுரம் பூனை மிதிபட்டதுபோலக் கேட்டு நின்றுவிடும். கூட்டம் மருமகனைப் பார்க்கும். ஜீவராஜ் ஆகாயத்தைப் பார்ப்பார்.

இப்படி எட்டு வருடத்தில் எங்கள் பிரிவு முழுவதற்கும் 'ஏழாம் நம்பர் மலை'யின் முதல் ஒரு நிமிடமும் நாற்பது விநாடியும் மனப்பாடமாகிவிட்டது. அதற்குமேல் என்ன இருக்கிறது என்று என்னைப் போல ஓரிருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. திருவிழாக் குழுவுக்கோ மறுப்பதற்கு முன்பைவிட வலுவான காரணம் கிடைத்தது: இப்போது அது நிச்சயமாகவே சாவுப் பாட்டு. இதைச் சொன்னபோது ஜீவராஜ், "குடுத்தவனுக்கே திருப்பி அடிக்கிறீங்க" என்று சிரித்தார். அடுத்த ஓகஸ்ட் முதல் திங்களன்று கடிதம் வந்தது. நேசராணிக்குத்தான் பொறுமை போனது. "இவரு செத்தா யாரு சுவிச்சு மாப்புள்ள? எங்களுக்கு மருமகன்கூட இல்ல. ஒம்போது பாட்டும் ஓடித்தான் முடியும்" என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அதற்கு ஜீவராஜ், அப்படியாவது ஓடட்டும் என்றாராம்.

2024 மார்ச் மாதம் ஜோன்சனின் தாயார் சவேரியம்மா இறந்தார். வயது தொண்ணூற்றொன்று. கொழுந்து பறிப்பதில் அவருடைய வேகத்தைப் பற்றித் தோட்டத்தில் இன்னும் பேசுவார்கள். இரண்டு கையாலும் பறிப்பார். நிறுக்கும் இடத்துக்கு முதல் ஆளாக வருவார். கோயிலில் செபமாலை சொல்லும்போதும் மற்றவர்களுக்கு அரை மணி முன்னால் முடித்துவிட்டு, முடிக்காதவர்களைத் திரும்பிப் பார்ப்பார்.

அன்று சுவிச்சு மாப்பிள்ளையாக இருந்தவர் ஜோன்சனின் மருமகன் தினேஸ். நிதானமானவர். காலையிலிருந்து ஒருமுறைகூடப் பிந்தவில்லை. பிற்பகல் பெட்டியைத் தூக்கினார்கள். வீட்டு வாசலிலிருந்து மயானப் பாதைக்கு இறங்கும் கல்படிகள் பாசி பிடித்து, முந்தின நாள் மழையில் ஊறியிருந்தன. நான்காவது படியில் முன்னால் தூக்கியவர் ஒருவரின் கால் வழுக்கியது. பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தினேஸ் ஸ்டூலிலிருந்து பாய்ந்து போய்த் தோளைக் கொடுத்தார்.

தப்பு ஓடிக்கொண்டிருந்தது. அது தன் ஓட்டத்தை முடித்தது. கிட்டார் வந்தது.

படியில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பி ஜீவராஜைப் பார்த்தார்கள். அவர் கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றார். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் அசையவில்லை. ஜோன்சன் படியேறித் திரும்பி வந்தார். அம்ப்ளிபயரின் பொத்தானில் விரலை வைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். விரல் பொத்தானில்தான் இருந்தது, அழுத்தவில்லை. இரண்டு கிட்டார்களும் சேர்ந்து ஏறும் இடம் அப்போது போய்க்கொண்டிருந்தது.

"இது எவ்வளவு நேரம் தம்பி?"

"இன்னும் எட்டு பாட்டு இருக்குங்க ஐயா."

"எல்லாம் இதே வேகந்தானா?"

"அஞ்சாவது மட்டும் கொஞ்சம் மெதுவுங்க."

ஜோன்சன் விரலை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டார். "எங்கம்மா எதயும் மெதுவா செஞ்சதில்ல" என்றார். "ஓடட்டும்."

பிறகு படியிறங்கிப் போனார். குழியில் பெட்டியை இறக்கும்போது நான்காவது பாட்டு மேலேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. சாமியார் செபத்தைக் கொஞ்சம் உரத்துச் சொன்னார்.

2024 ஓகஸ்ட் 5ஆம் திகதி கடிதம் வந்தது. ரூபா 1,500. குழுவில் இரண்டு பேர் வழக்கம்போல ஆட்சேபித்தார்கள். ஜோன்சன் அவர்களைப் பேச விட்டார். பேசி முடித்ததும், பணம் பெற்றுக்கொள்ளப்பட்டது என்று எழுதச் சொன்னார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. அதையும் நான் பதில் கடிதத்தில் எழுதினேன். வாசிக்கத் தொடங்கும் முன் யாரும் இறக்கவில்லை என்று அறிவிக்க வேண்டும்.

ஜீவராஜ் கடிதத்தை வாங்கிப் படித்தார். அங்கேயே நின்று மறுபடியும் படித்தார். 'உட்பட' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்தார் என்று நினைக்கிறேன். இருந்தது. அன்றிலிருந்து செப்டெம்பர் எட்டுவரை அவரை வெளியில் காண்பது அரிதாகிவிட்டது. மாலையானால் ஹஸீப் கடையைப் பூட்டிவிட்டு பதுளையிலிருந்து பஸ்ஸில் வந்தார். நேசராணி கோழிக்கூட்டைப் பக்கத்து லயத்துக்கு மாற்றினார்.

திருவிழா அன்று மாலை ஐந்து மணிக்கு ஜோன்சன் மேடை ஏறி மைக்கைப் பிடித்தார். "அன்பான சனங்களே, யாரும் சாகல. எல்லாரும் நல்லா இருக்கோம். அவங்கவங்க எடத்துல உக்காருங்க" என்றார். சனம் சிரித்தது. ஆனால் தப்பின் முதல் அடி விழுந்ததும் பின்வரிசையில் இரண்டு பெண்களின் கை தானாகவே கொண்டைக்குப் போனதைக் கண்டேன்.

மத்தேயு நாற்காலியில் அமர்ந்திருந்தார். தோளில் மாட்ட முடியாததால் தப்பை முழங்காலில் நிறுத்தி, சாயாமல் ஹஸீப் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். மத்தேயுவின் வலது முழங்கை விலாவோடு ஒட்டியே இருந்தது. மணிக்கட்டு மட்டும்தான் அசைந்தது. இறுவட்டில் இருப்பதைவிட மெதுவாகத்தான் இறங்கியது. பிறகு நடந்தது. பிறகு ஓடியது. கடைசி அடிக்கு ஹஸீப் தப்பை விட்டுவிட்டு டிரம்ஸுக்குத் தாவ வேண்டும். தாவினார். நாற்பத்து மூன்று வயது, கொஞ்சம் தொந்தி, இருந்தும் பிந்தவில்லை. ஜீவராஜின் கிட்டார் அந்த ஓட்டத்தில் ஏறிக்கொண்டது.

இரண்டாவது கிட்டாரை முன்னதாகப் பதிந்து பென்டிரைவில் ஓடவிட்டிருந்தார். அதைத் துரத்திக்கொண்டு அவர் வாசித்தார். கண்ணை மூடவில்லை, தலையை ஆட்டவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை. இடது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார், அது வேறொருவருடைய கை என்பதுபோல. ஐந்தாவது பாட்டில் சிலர் பலகாரக் கடைக்குப் போனார்கள். 'அரைப்பேர்' என்ற ஏழாவது பாட்டு வந்தபோது, தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஆட்கள் எழுந்து நின்றார்கள். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் அவர்களுக்கும் தெரியாது.

ஒன்பதாவது பாட்டு முடிந்தது. யாரும் கை தட்டவில்லை. அந்தத் தொகுப்பின் முடிவு எப்படி இருக்கும் என்று கூட்டத்துக்குத் தெரியாது. இன்னும் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஜீவராஜும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு மைக்குக்குக் குனிந்து, "முடிஞ்சிருச்சுங்க" என்றார்.

அதற்குப் பிறகுதான் கைதட்டல் வந்தது. அவர் அதற்கு நிற்கவில்லை. அடுத்தது ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளின் நடனம். கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு மேடைக்குப் பின்னால் ஓடி, அவர்களுடைய பாட்டைத் தேடிப் போட்டார். சத்தம் கொஞ்சம் கூடியிருந்தது, குறைத்தார்.

இந்த வருடத் திருவிழாவுக்கான நிகழ்ச்சி நிரலைத் தயாரிக்கும்போது அந்த நாற்பது நிமிடத்தை என்ன செய்வது என்று ஜோன்சன் கேட்டார். கேட்டது கிடைத்துவிட்டது, இனிக் கடிதம் வராது என்பது குழுவின் எண்ணம். வில்லுப்பாட்டுக்குக் கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். நானும் அப்படியே குறித்துக்கொண்டேன்.

ஓகஸ்ட் முதல் திங்களன்று காலை கதவைத் தட்டினார்கள். ஜீவராஜ். கையில் உறை, உள்ளே ரூபா 1,500. கடிதத்தைப் பிரித்தேன். தன்னுடைய இரண்டாவது தொகுப்பு, எட்டுப் பாட்டுகள், முதலாவது பாட்டு உட்பட, முழுமையாக வாசிக்க நாற்பது நிமிடம் வேண்டும் என்று இருந்தது. கோட்டை இம்முறை இரண்டாகப் போட்டிருந்தார். அந்த முதலாவது பாட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். சிரித்தார். கதவு நிலையில் கையை ஊன்றிக்கொண்டார்.

"நாள் போட்டுருங்க ஐயா."

போட்டேன். எட்டிப் பார்த்துக்கொண்டார். 2025 ஓகஸ்ட் 4.